பாய்காட்: ஒரு பெயர் வினையான கதை

ஆங்கிலத்தில் ஆட்பெயர்கள் வினைச்சொற்களாக மாறுவது அரிய நிகழ்வன்று. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குவதைக் குறிக்கும் 'பாஸ்சரைஸ்' என்னும் வினை, பிரெஞ்சு அறிவியலறிஞர் லூயி பாஸ்டரின் பெயரிலிருந்து பிறந்தது. ஒரு நூலில் தமக்கு ஒவ்வாத பகுதிகளை வெட்டியெறிவதற்கு 'பவுட்லரைஸ்' என்று பெயர். குடும்பத்தார் கூடியிருந்து படிப்பதற்கேற்றவாறு ஷேக்ஸ்பியரைக் கத்தரித்து 1818இல் பதிப்பித்த தாமஸ் பவுட்லரின் நினைவாக அமைந்த சொல் அது. விசாரணையின்றிக் கும்பலாகக் கூடித் தண்டிப்பதைக் குறிக்கும் 'லிஞ்ச்' என்னும் சொல் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த லிஞ்ச் என்பவரின் பெயர். அவர் சார்லஸா, வில்லியமா என்பதில் மட்டுமே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. செயலைச் செய்தவர் எவரோ அவர் பெயரே செயலுக்கும் பெயராயிற்று. இலக்கண வழக்கில் சொல்வதானால், இவற்றில் வினைமுதலின் பெயர் வினையாகியிருக்கிறது.

'பாய்காட்' என்னும் வினை இவ்வரிசையில் சேராது. பாய்காட் என்பவர் எவரையும் பாய்காட் செய்தவரல்லர், செய்யப்பட்டவர். செயப்படுபொருளின் பெயர் வினையாகிப்போன விந்தை இது. செய்தவர்களின் பெயர்கள் இச்சொல்லில் எங்கும் இல்லை. இச்சொல்லின் நூற்று நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாற்றைப் படிக்கும்போது, அந்த இல்லாமையே இதில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது என்று தோன்றுகிறது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம். முதலில் அந்த மனிதரின் கதை.

மேயோ மாவட்டம், 1880

சார்லஸ் கன்னிங்காம் பாய்காட் 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். சில காலம் படையில் பணியாற்றியபின் அயர்லாந்தில் குடியேறி நிலம் குத்தகைக்கு எடுத்து வாழ்ந்தார். 1870களின் தொடக்கத்தில் மேயோ மாவட்டத்தில் பாலின்ரோப் ஊருக்கு அருகில், மாஸ்க் ஏரிக்கரையில் இருந்த ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவரானார். குத்தகையை வசூலிப்பதும், தராதவர்களை வெளியேற்றுவதும் அவர் பணி. நிலம் பிரபுவுடையது, பிரபுவோ அங்கு வசிப்பவரல்லர். குடியானவர்கள் கண்ட அதிகாரத்தின் முகம் பாய்காட்டின் முகமே.

அக்கால அயர்லாந்தின் நிலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். உழுதவனுக்கு நிலம் இல்லை. நிலம் உடையவன் உழுததில்லை. 1840களின் பெரும்பஞ்சத்தின் நினைவு மறையுமுன்பே 1870களின் இறுதியில் மீண்டும் விளைச்சல் பொய்த்தது. அந்நிலையில்தான் 1879 அக்டோபரில் மேயோவின் காசல்பார் ஊரில் ஐரிஷ் தேசிய நிலச்சங்கம் தோன்றியது. மைக்கேல் டேவிட் அதன் உயிர்நாடி. சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதன் தலைவர். நியாயமான குத்தகை, நிலையான குடியுரிமை, தம் சாகுபடி உரிமையைத் தடையின்றி விற்கும் உரிமை என்பன அதன் மூன்று கோரிக்கைகள்.

1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் என்னும் ஊரில் பார்னெல் பேசினார். குத்தகை கட்ட இயலாமல் துரத்தப்பட்ட ஒருவனின் நிலத்தை மற்றொருவன் எடுத்துக்கொண்டால் அவனை என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். கொல்லலாம், சுடலாம் என்று குரல்கள் எழுந்தன. அதனினும் மேலான வழி ஒன்றுண்டு என்றார் பார்னெல். சாலையில், கடையில், சந்தையில், வழிபாட்டிடத்தில் கூட அவனைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள்; பண்டைக் காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கியதுபோல ஒதுக்கிவிடுங்கள் என்பது அவர் கூறிய வழி. கொலை அங்கு வெறும் பேச்சாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த வாரமே, செப்டம்பர் 25இல், பாய்காட் வாழ்ந்த பகுதிக்கு அருகிலேயே மவுண்ட்மோரிஸ் பிரபு சுட்டுக் கொல்லப்பட்டார்.

பார்னெல் பேசிய சில நாட்களிலேயே அவ்வழி மாஸ்க் ஏரிக்கரையில் செயலாயிற்று. குடியானவர்கள் குத்தகையில் 25 விழுக்காடு தள்ளுபடி கேட்டிருந்தனர். ஏர்ன் பிரபு 10 விழுக்காட்டுக்குமேல் இணங்கவில்லை. பாய்காட் பதினொரு குடும்பங்களை வெளியேற்ற ஆணை பெற்றார். அதனை வழங்கச் சென்றவரையும் உடன் சென்ற காவலரையும் பெண்கள் கல்லும் சேறும் சாணமும் எறிந்து விரட்டினர். மறுநாள் கூட்டம் பாய்காட்டின் வீட்டுக்கே சென்று, அங்கு வேலை செய்தவர்களை வெளியேறச் சொன்னது. சிலர் மனமொப்பியும் சிலர் அச்சத்தாலும் வெளியேறினர்.

அதன்பின் நடந்தது நாமறிந்ததே. கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார். சலவைக்காரப் பெண் துணி எடுக்கவில்லை. அஞ்சல் கொண்டுவந்த சிறுவன் வரவில்லை. பாலின்ரோப் கடைகளில் அவருக்குப் பொருள் இல்லை. வயலில் கிழங்குகள் அறுவடைக்குக் காத்துக் கிடந்தன; ஆளில்லை. தம் நிலையை விவரித்துப் பாய்காட் எழுதிய கடிதம் அக்டோபர் 18 அன்று இலண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்ததும் செய்தி நாடெங்கும் பரவியது. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் கேவன், மானகன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது தொண்டர்கள் அறுவடைக்குப் புறப்பட்டனர். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படைவீரரும் காவலரும் சென்றனர். சுமார் 500 பவுன் பெறும் விளைச்சலை எடுக்க 10,000 பவுன் வரை செலவானதாக அக்காலத்தில் கணக்கிட்டார்கள். நவம்பர் இறுதியில் அறுவடை முடிந்தது. டிசம்பர் முதல் நாள் பாய்காட் அயர்லாந்தை விட்டே வெளியேறினார்.

சொல் பிறந்த விதம்

சொல்லைப் படைத்தவர் யார்? அப்போராட்டத்தை நேரில் கண்டெழுத வந்திருந்த அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெட்பாத் தரும் விவரம் சுவையானது. அப்பகுதியின் பங்குத்தந்தை ஜான் ஓமாலியுடன் உண்டுகொண்டிருந்தபோது, இந்தச் செயலுக்கு ஒரு சொல் வேண்டுமே என்று ரெட்பாத் வருந்தினார். 'ஆஸ்ட்ரசைஸ்' என்னும் சொல் உண்டுதான். ஆனால் உழவர்களுக்கு அது விளங்காது என்றார் பங்குத்தந்தை. சிறிது சிந்தித்துவிட்டு, அவரைப் பாய்காட் செய்வது என்று சொல்லலாமே என்றாராம்.

அவர் ஒதுக்கிய அச்சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. பண்டை ஏதென்ஸ் நகரில், மிகுந்த செல்வாக்குப் பெற்றுவிட்ட ஒருவரைப் பத்தாண்டு காலம் நாடுகடத்த மக்கள் வாக்களிப்பார்கள். வாக்குச்சீட்டாகப் பயன்பட்டது உடைந்த பானையோடு. கிரேக்கத்தில் அவ்வோட்டுக்கு 'ஆஸ்ட்ரகான்' என்று பெயர். கல்விச்சாலையில் கிரேக்கம் கற்றவருக்கே உரிய அச்சொல்லை விடுத்து, மேயோ உழவர் தம் கண்முன் நின்ற மனிதரின் பெயரையே வினையாக்கிக்கொண்டனர். அகராதியில் தேடவேண்டாத சொல் அது. வாழ்க்கையிலிருந்தே பொருள் விளங்கிற்று.

பரவிய வேகமும் வியப்புக்குரியது. அதே 1880 நவம்பர் 20 அன்று டைம்ஸ் இதழ், வேறோர் ஊரில் வேறு சிலருக்கு நேர்ந்த ஒதுக்கலை இவ்வினையால் குறிப்பிட்டது. பாய்காட் தம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவர் பெயர் அவரை விட்டுக் கிளம்பிவிட்டது. விரைவில் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழிகளும் சொல்லை ஏற்றுக்கொண்டன. பின்னர் ஜப்பானியமும் ஏற்றது. ஜேம்ஸ் மர்ரே பதிப்பித்த பேரகராதியின் முதல் தொகுதி 1888இல் நிறைவுற்றபோது அதில் இச்சொல் இடம்பெற்றிருந்தது. பாய்காட் அதன்பின்னும் ஒன்பதாண்டுகள் வாழ்ந்து 1897இல் மறைந்தார். தம் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும் ஒரு வினையாக அகராதியில் ஏறியதை உயிரோடு இருந்து காணும் பேறோ அவப்பேறோ அவருக்கு வாய்த்தது.

பிற்காலத்தில் ஆங்கிலேயர் சொல்லின் தோற்றத்தை மறந்து முதலசையை 'பையன்' எனக் கொண்டு, 'கேர்ள்காட்' என்று பெண்கள் நடத்தும் புறக்கணிப்புக்கு வேடிக்கையாகப் பெயரிட்டனர். ஆதரவு காட்டும் பொருட்டு வேண்டுமென்றே வாங்குவதற்கு 'பைகாட்' என்னும் சொல்லும் உண்டாயிற்று. வேரை மறந்த சொற்களே புதிய கிளை விடுகின்றன போலும்.

சொல்லுக்கு மூத்த செயல்

சொல் 1880இல் பிறந்தது. செயல் அதற்கு மிக மூத்தது. 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையை உண்பதில்லை என்று இங்கிலாந்தின் பல்லாயிரம் குடும்பங்கள் முடிவெடுத்தன. வில்லியம் பாக்ஸ் எழுதிய சிறு வெளியீடு அவ்வாண்டில் பல பதிப்புகள் கண்டது. அன்று அவர்கள் அதனை 'விலகியிருத்தல்' என்றார்கள். அச்சொல்லின் எழுவாயும் அவர்களே, கட்டுப்படுவோரும் அவர்களே; 'நான் உண்ணமாட்டேன்' என்ற உறுதி அது. 'பாய்காட்' என்னும் புதுச்சொல்லோ பிறர்மேல் பாயும் செயப்படுபொருள் குன்றாவினை. 'உன்னை ஒதுக்குவேன்' என்பது அதன் தொனி. சொல் மாறியபோது செயலின் திசையும் மாறியது.

நம் நாட்டில்

இந்திய அரசியலில் இச்சொல் உரக்க ஒலித்தது 1905 ஆகஸ்டு 7 அன்று. வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய கூட்டம் அந்நியப் பொருள்களைப் பாய்காட் செய்யத் தீர்மானித்தது. மராட்டியத்தில் திலகர் போன்றோர் இதற்கு 'பஹிஷ்கார்' என்னும் சொல்லைக் கையாண்டனர். தமிழில் அது பகிஷ்காரம் என்றும் பகிஷ்கரிப்பு என்றும் வழங்கலாயிற்று. நாளடைவில் தமிழகத்தில் 'புறக்கணிப்பு' அதன் இடத்தைப் பிடித்தது. இலங்கைத் தமிழர் பகிஷ்கரிப்பை இன்றும் கைவிடவில்லை; அங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாளேடுகளில் 'பணிப்பகிஷ்கரிப்பு' ஆகிறது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் முழுத் தன்னாட்சி தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்ததும், வடபகுதியின் நான்கு தொகுதிகள் ஆளின்றிக் கிடந்ததும் அந்நாட்டு வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி.

இங்குச் சற்று நிற்கவேண்டும். 'பஹிஸ்' என்றால் வடமொழியில் வெளியே. 'பஹிஷ்கார்' என்றால் வெளியே ஆக்குதல். திலகர் காலத்துக்கு முன்பே நீண்டகாலம் அச்சொல் வழக்கில் இருந்தது. சாதியிலிருந்து ஒருவரை விலக்கிவைப்பதே அதன் பழைய பொருள். 1888இல் படிப்புக்காகக் கடல்கடந்து செல்லத் துணிந்த காந்தியை அவருடைய சாதிப் பஞ்சாயத்து விலக்கிவைத்தது. அவருக்கு உதவுவோருக்கும் வழியனுப்பச் செல்வோருக்கும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் விதித்தது. அதே காந்தி 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையும் அந்நியத் துணியையும் பகிஷ்கரிக்கச் சொன்னார். தம்மேல் வீசப்பட்ட ஆயுதத்தின் பெயரையே தம் ஆயுதத்துக்கும் நாடு இட்டிருந்தது.

விடுதலை இயக்கம் கையாண்ட சொல்லின் மறுபக்கத்தை அம்பேத்கர் நாட்டுக்குக் காட்டினார். 1924இல் அவர் நிறுவிய அமைப்பின் பெயர் 'பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபா'. 1927இல் தொடங்கிய இதழின் பெயர் 'பஹிஷ்கிருத பாரத்', அதாவது விலக்கிவைக்கப்பட்ட பாரதம். அன்னியத் துணியை விலக்குவது பற்றி நாடு பேசிக்கொண்டிருக்கையில், நாட்டுக்குள்ளேயே விலக்கப்பட்ட நாடொன்று இருப்பதை அத்தலைப்பின் செயப்பாட்டு வடிவமே சொல்லிவிட்டது.

1930இல் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கலந்துகொண்டனர். இருவரும் இணைந்து அளித்த பாதுகாப்புத் திட்டத்தில், சமூக விலக்கலைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்றும் கோரினர். தாழ்த்தப்பட்ட மக்கள் தம் உரிமையைக் கேட்டால் கிராமம் என்ன செய்யும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வயலில் வேலை நிற்கும். கடையில் அரிசி கிடைக்காது. நடக்கும் பாதை அடைபடும். பாய்காட்டுக்கு நேர்ந்தவையும் ஏறத்தாழ இவையே. ஆனால் பாய்காட்டைக் காக்க ஆயிரம் வீரர்கள் வந்தார்கள்.

அவர்கள் கோரிய சட்டப்பிரிவுக்கான மாதிரி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1922ஆம் ஆண்டின் பர்மா பாய்காட் தடுப்புச் சட்டத்திலிருந்து. பர்மியத் தேசியவாதிகளின் புறக்கணிப்பை அடக்க ஆங்கில அரசு இயற்றிய சட்டம் அது. ஆள்வோர் தம் நலனுக்காகச் செய்த சட்டத்தின் சொற்களை எடுத்து, ஊரின் கடைசித் தெருவில் வாழ்வோரைக் காக்கும் கேடயமாக அவ்விருவரும் மாற்ற முனைந்தனர். ஒரே சொல், ஒரே வரையறை; பயன் மட்டும் தலைகீழ். இக்கோரிக்கை தனிச்சட்ட வடிவம் பெற நெடுங்காலம் ஆயிற்று. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமே, சமூக விலக்கலையும் பொருளாதார விலக்கலையும் வரையறுத்துக் குற்றமாக்கியது. மகாராட்டிரச் சட்டமன்றம் 2016இல் சமூக விலக்கலுக்கு எதிராகத் தனிச்சட்டமே நிறைவேற்றியது.

எழுவாயைத் தேடுதல்

மற்ற நாடுகளிலும் இவ்விரு முகங்களைக் காணலாம். 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் ஆட்சியைப் பிடித்திருந்த நாஜிக் கட்சி, யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கத்தை நடத்தியது. கடைவாயில்களில் சீருடை அணிந்தவர்கள் காவல் நின்றனர். 'பாய்காட்' என்ற அதே சொல்லால்தான் அதனையும் அழைத்தார்கள்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளில் ஏற மறுத்தனர். 381 நாட்கள் நடந்தே சென்று, இனப்பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தனர். அப்போராட்டத்தின் தொடக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு இச்சொல்லே உறுத்தலாக இருந்ததாகப் பின்னர் எழுதினார். உரிமை கேட்ட கறுப்பினத்தாருக்கு வேலையும் கடனும் மறுக்கும்படி செய்துவந்த வெள்ளையர் கவுன்சில்களின் வழியும் பாய்காட்தானே, நாமும் அதையே செய்கிறோமா என்பது அவர் மனத்தில் எழுந்த கேள்வி. தாங்கள் செய்வது தீய அமைப்புக்கு ஒத்துழைப்பை மறுப்பது என்று தெளிந்தபின் அச்சொல்லை அவர் அரிதாகவே பயன்படுத்தினார். ஒரு சொல்லைப் பேசுமுன் அதன் எழுவாய் யார் என்று கேட்டுக்கொண்ட தலைவர் அவர்.

தொடக்கத்தில் சொன்ன இல்லாமைக்கு இப்போது திரும்பலாம். 'பாய்காட்' என்னும் வினையில் ஒதுக்கப்பட்டவரின் பெயர் உண்டு. ஒதுக்கியவர் யார் என்பது இல்லை. மேயோவில் நிலமற்றோர் நிலக்கிழாரின் முகவரை ஒதுக்கினர். நம் கிராமங்களில் நிலமுடையோர் நிலமற்றோரை ஒதுக்குகின்றனர். ஆங்கில வினை இரண்டையும் ஒன்றாகவே சொல்லும். செயலின் தோற்றம் ஒன்றுதான், அறம் ஒன்றன்று. வேறுபாட்டை அறிய ஒரு கேள்வி போதும்: ஒதுக்கப்பட்டவர் அதனை நிறுத்த என்ன செய்யவேண்டும்? பாய்காட் வெளியேற்ற ஆணையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். மாண்ட்கோமரிப் பேருந்து நிறுவனம் இருக்கையைப் பொதுவாக்கியிருக்கலாம். பிறப்பால் ஒதுக்கப்பட்டவர் எதைத் திரும்பப் பெறுவார்? உரிமையைக் கேட்டதைத் திரும்பப் பெறவேண்டும் என்பதே அவரிடம் எதிர்பார்க்கப்படுவது.

எல்லையும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. என்னிஸில் பார்னெல் ஒதுக்கச் சொன்னது பிரபுவை அன்று. நிலத்துக்கு ஆசைப்பட்ட மற்றொரு குடியானவனை. அந்நியத் துணி விற்ற ஏழை வணிகனின் பொதியைச் சுதேசி இயக்கத்தார் கொளுத்துவதை 1916இல் வெளிவந்த தாகூரின் 'வீடும் வெளியும்' நாவல் காட்டுகிறது. எளியோரின் ஆயுதமும் தன்னினும் எளியோர்மேல் பாய்வதுண்டு.

எனினும் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிட்ட இரண்டுக்கும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பொருளையோ தேர்தலையோ அதிகாரத்தையோ ஒருவர் தாமாக விலக்குவது புறக்கணிப்பு. ஊர்கூடி ஒரு குடும்பத்தை, ஒரு தெருவை ஒதுக்கிவைப்பது ஊர்விலக்கு. 'ஊர்' என்னும் எழுவாய் அச்சொல்லிலேயே நிற்கிறது. யார் செய்தார் என்பதை அது மறைப்பதில்லை. அண்மைக்காலமாகச் செய்திகளிலும் ஆய்வேடுகளிலும் ஊர்விலக்கைச் 'சமூகப் புறக்கணிப்பு' என்று எழுதும் வழக்கம் பெருகிவருகிறது. ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு அது. நாகரிகமாக ஒலிக்கும் அச்சொல்லில் ஊர் காணாமற்போகிறது; குற்றமும் உடன் மங்குகிறது. மாணவர்கள் அப்படி எழுதிக்கொண்டு வரும்போதெல்லாம் அடித்துத் திருத்துவதை நான் வழக்கமாக்கிக்கொண்டுள்ளேன். இரண்டு செயல்களுக்கு இரண்டு சொற்கள் இருக்கையில், அவற்றை ஒன்றாக்குவது மொழிக்கும் நன்றன்று. அவ்விலக்கைச் சுமப்போருக்கும் நன்றன்று.